அடுக்கிய படத்தில் ஒரு மஞ்சள் விளக்கு

நட்சத்திரத் தடம் எடுக்க வந்திருக்கும் உங்களுக்குக் கேமராவைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்லை. எந்த லென்ஸ், எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எந்த பேட்டரி குளிரில் தாங்கும் என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கிறது. அதில் கிடைக்காத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றேன். ஏலமலையில் காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். கல்யாண வீடியோக்காரர் ஒருவருக்கு லைட் பிடித்தேன். ஒரே ஊரில் ஒரு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். லைட் பிடித்த இடத்தில் கேமரா கைக்கு வந்தது. பகலில் எடுப்பதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். இருட்டில் எடுப்பதற்குப் போடியில் ஆள் இல்லை. அதனால் இருட்டுக்குப் போனேன். அட்டை கடித்தது, பனியில் இருமல் பிடித்தது, தேவாரம் பக்கம் ஒருமுறை யானை வந்து கேமரா முக்காலியை மட்டும் மிதித்துவிட்டுப் போனது. என்னை விட்டுவிட்டது. இப்போது முழங்கால் மலை ஏற விடுவதில்லை. வேலை நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது ஒரு விஷயத்தில். வெளிநாட்டுப் படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே வருவார்கள். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. மலையடிவாரத்தில் நின்றால் அதையும் மலை மறைத்துவிடும். நமக்கு வாய்த்தது மேற்கு. போடிமெட்டு மலையைப் பார்த்து கேமராவை வைத்தால் நட்சத்திரங்கள் சாரல் மழை மாதிரி சாய்ந்து மலைமுகட்டில் இறங்கும். வட்டத்தைவிட அதுவே எனக்குப் பிடிக்கும். ஆனால் மேற்கைப் பார்த்தால் ஒரு தொல்லை உண்டு. மெட்டுச் சாலை அங்கேதான் வளைந்து வளைந்து இறங்குகிறது. ராத்திரியில் போகிற வருகிற வண்டிகளின் வெளிச்சம் எல்லாம் படத்தில் விழும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மூன்று நான்கு மணி நேரம் ஷட்டரைத் திறந்தே வைத்து நாங்கள் எடுப்பதில்லை. அரை நிமிடம் திறந்து மூடும். உடனே அடுத்த அரை நிமிடம். இப்படி நூற்றுக்கணக்கில் படங்கள் சேரும். பிறகு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் ஒரு புள்ளி. அடுக்கினால் புள்ளிகள் சேர்ந்து கோடாகும். சாலையில் போன வண்டிகளும் அப்படியே. எது முன்னால் போனது, எது பின்னால் போனது என்பதெல்லாம் அடுக்கிய படத்தில் அழிந்துபோகும். நாலு மணி நேரமும் ஒரே நொடியில் நடந்தது போல இருக்கும். அழகு அதில்தான். ஆபத்தும் அதில்தான் என்று எனக்குத் தெரிந்தது ஒரு தை மாத ராத்திரியில்.

அன்று என்னோடு வந்தவன் சகாயம். போடியில் அவர்களுக்கு ஏலக்காய்க் கடை. அப்பாவோடு கடையில் உட்கார்ந்திருக்க வேண்டியவன், கேமராப் பைத்தியம் பிடித்து என்னோடு சுற்றினான். நல்ல பையன் என்று சொல்லும் வயது அல்ல, கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை இருந்தது. மலையடிவாரத்தில் மாந்தோப்புகளுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அங்கிருந்து பார்த்தால் மெட்டு மலை முழுவதும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். நிலவு இல்லாத நாள். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. நன்றாக இருட்டியதும் தொடங்கி, முகட்டில் மேகம் கட்டும்வரை எடுத்தோம். பிறகு இறங்கி, மெட்டுச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் டீக்கடைக்கு வந்தோம். லாரிக்காரர்களுக்காக ராத்திரி முழுவதும் திறந்திருக்கும் கடை.

கடை வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் ராசு, ஜீப் டிரைவர். எனக்குப் பழக்கம், எத்தனையோ முறை என்னை மலைக்கு ஏற்றிப் போயிருக்கிறான். இரண்டாவது ஆள் ஓர் ஏலக்காய் முதலாளியிடம் வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் மப்ளர். மூன்றாவது ஒரு பெண். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ராசு, இந்நேரத்துல?" என்றேன்.

"பாண்டி அண்ணனைக் காணோம்ணே" என்றான். "மேல ஸ்டோர்ல லோடு ஏத்திட்டு ஒம்பது மணி வாக்குல மெட்டுல இருந்து மதினிக்குப் போன் போட்ருக்காரு, எறங்கப் போறேன்னு. அம்புட்டுத்தான். இன்னும் வரல. போனும் அணைஞ்சு கெடக்கு. நான் ரெண்டு தடவ மேல போயிட்டு வந்துட்டேன். ரோட்டுல ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலையில் போடியில் ஏலக்காய் ஏலம். அதற்காகத்தான் அந்த நேரத்தில் லோடு இறங்கியது. பாண்டியும் ராசுவைப் போல ஜீப் டிரைவர். அந்தப் பெண், அவர் மனைவி பேச்சி.

கணக்கப்பிள்ளை டீ கிளாஸை வைத்தார். "ரோட்டுல இல்லைன்னா என்ன அர்த்தம்? எறங்கிப் போயிட்டான்னு அர்த்தம். ஜீப்பு நெறைய காயி. இந்த வெலையில அதை ஒருத்தன்ட்ட நம்பிக் கொடுத்ததே தப்பு. நேராத் தேனிப் பக்கம் விட்ருப்பான். முதலாளி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"யோவ், வாய அடக்கிப் பேசும்" என்றான் ராசு. "பாண்டி அண்ணன் பதினஞ்சு வருசமா லோடு அடிக்கிறாரு."

"பதினஞ்சு வருசமா இந்த வெல வித்துச்சா?"

பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவுக எங்கயும் போகல. வண்டிக்கு என்னமோ ஆயிருச்சு."

கீழே இருக்கும் சோதனைச் சாவடியில் இறங்குகிற வண்டிகளை நிறுத்தும் வழக்கம் இல்லை. அங்கே மாட்டியிருக்கும் கேமராவைத் திறந்து காட்டுகிற ஆள் காலையில்தான் வருவார். அதனால் பாண்டி இறங்கினாரா இல்லையா என்பது ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பேச்சு நடக்கும்போதே சகாயம் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். ராத்திரி எடுத்ததை அன்றைக்கே அடுக்கிப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது என்றுகூடச் சொல்வான். டீ ஆறுவதற்குள் படம் வந்துவிட்டது. நன்றாகவே வந்திருந்தது. நட்சத்திரங்கள் கோடு கோடாக முகட்டில் இறங்க, அதற்குக் கீழே மெட்டுச் சாலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை வெளிச்சமாக, அறுபடாமல் வளைந்து கிடந்தது.

கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "இது நம்ம மெட்டு ரோடுதானே? எப்ப எடுத்தது?"

"இப்பத்தாண்ணே. ராத்திரி முச்சூடும் எடுத்தோம்" என்றான் சகாயம் பெருமையாக.

"ராத்திரி முச்சூடுமா? அப்பப் பாத்துக்க. மேல இருந்து கீழ வரைக்கும் லைட்டு வந்திருக்கு, எங்கயும் நிக்கல." விரலால் திரையில் கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "ஒரு வண்டியும் எடையில நின்ன மாதிரி தெரியலையே. அவன் எறங்கிட்டான்யா. ராசு, வண்டிய எடு. தேனிப் பக்கம் பாப்போம். இல்லைன்னா காலையில புகார் கொடுக்குறது."

ராசு படத்தைப் பார்த்தான். அவனும் தடுமாறிவிட்டான். "ஒருவேள வேற எங்கயாச்சும் வண்டி ரிப்பேருன்னு ஒதுக்கி…" என்று இழுத்தான். பேச்சி முதல்முறையாகத் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் பார்த்தது அழுகை இல்லை. நம்பலாமா என்கிற யோசனை. புருஷன் திருடன் என்றால்கூட உயிரோடு இருக்கிறான் என்றாகிவிடும் அல்லவா? ஒரு நிமிடம் அவள் அதற்குக்கூட ஆசைப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"யாரும் போகாதீங்க" என்றேன். "சகாயம், இந்தப் படத்த மூடு. ஒத்த ஒத்தப் படமா எடு."

"எதுக்குண்ணே? இதுலயே எல்லாம் இருக்கே."

"எல்லாம் இருக்கு. அதுதான் பிரச்சினை. பத்து வண்டி எறங்குன வெளிச்சமும் ஒரே கோடாக் கெடக்கு. அதுல ஒரு வண்டி பாதியில நின்னாலும் மத்த ஒம்பது வண்டி அதை மூடிரும்."

கணக்கப்பிள்ளை அலுத்துக்கொண்டார். "நீங்க படம் காட்டிக்கிட்டு இருங்க. அதுக்குள்ள அவன் மதுரை தாண்டிருவான்."

அவரைத் திட்டத் தோன்றவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். படம் பொய் சொல்லாது என்று உலகமே நம்புகிறது. அடுக்கிய படம் பொய்யும் சொல்லாது, உண்மையும் சொல்லாது என்பது நம்மைப் போன்ற ஆட்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவன் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது?

பேச்சியின் போனை வாங்கிப் பார்த்தேன். பாண்டி கடைசியாகப் பேசிய நேரம் அதில் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் கேமரா நேரத்தைக் குறித்து வைக்கும். அந்த நேரத்துப் படங்களைச் சகாயம் எடுத்தான். ஒவ்வொன்றாக நகர்த்தினான். மெட்டின் உச்சியில் ஒரு வெளிச்சம் கிளம்பியது. அடுத்த படத்தில் சற்றுக் கீழே, அதற்கடுத்த படத்தில் இன்னும் கீழே. வளைவுகளில் மறைந்து மறைந்து, நிற்காமல், அடிவாரம்வரை வந்து சேர்ந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "இப்பயாச்சும் கெளம்புவோமா?" என்றார். இந்த முறை அவர் குரலில் கோபம் இல்லை, பேச்சியைப் பார்க்கவும் இல்லை.

உங்களுக்கு இந்த இடத்தில் என்ன தோன்றும் என்று தெரியாது. நானும் லேப்டாப்பை மூடத்தான் போனேன். நேரம் பொருந்துகிறது, வண்டி இறங்குகிறது, வேறு என்ன வேண்டும்? ஆனாலும் பழக்கதோஷம், ஒரு தொடரைப் பார்க்கும்போது முதல் படத்தைப் பார்க்காமல் நான் முடிப்பதில்லை. "மொத படத்த எடு" என்றேன்.

முதல் படத்தில் வானம் முழுக்க நட்சத்திரம். ஓரத்தில் இருந்த நேரம், மாலை ஆறு.

"சகாயம், தை மாசம் ஆறு மணிக்கு நம்ம ஊர்ல நட்சத்திரம் தெரியுமா?"

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னும் வெளிச்சமால்ல இருக்கும்" என்றான். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இது துபாய் டைம்ணே!"

கேமரா அவனுடைய சித்தப்பா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்து விற்றது. அதன் கடிகாரத்தை இவன் மாற்றவே இல்லை. நட்சத்திரம் எடுப்பவன் எத்தனை நிமிடம் என்று பார்ப்பானே தவிர, மணி என்ன என்று பார்க்க மாட்டான். நம் தொழிலில் இதைத் தவறாகவே யாரும் நினைப்பதில்லை. ஊகத்தில் விடக் கூடாது என்று, பேச்சியின் போனில் இருந்த நேரத்தை அந்தக் கேமராவால் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். போன் காட்டிய நேரத்துக்கும் கேமரா குறித்த நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், கேமராதான் பின்தங்கியிருந்தது. நாங்கள் பார்த்தது பாண்டி கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கிய வேறொரு வண்டியை.

"ராசு, பாண்டி வண்டி லைட்டு எப்படி?"

"பழைய பல்புதாண்ணே. மஞ்சளா எரியும். மாத்துங்கண்ணேன்னா கேக்க மாட்டாரு."

சரியான நேரத்துப் படங்களுக்குப் போனோம். உச்சியில் ஒரு மஞ்சள் வெளிச்சம் கிளம்பியது. முன்னால் பார்த்தது பால் மாதிரி வெள்ளை; இது பழைய வெல்லம் மாதிரி மங்கல். சகாயம் ஒவ்வொரு படமாக நகர்த்தினான். நான் சொல்லாமலேயே மெதுவாக நகர்த்தினான். மஞ்சள் ஒரு வளைவு இறங்கியது. இன்னொன்று. அதற்கடுத்ததில் மரத்துக்குப் பின்னால் மறைந்தது. மறுபடி தெரிந்தது. அதற்கடுத்த வளைவுக்கு வந்தது.

அடுத்த படத்தில் இல்லை.

அதற்கடுத்ததிலும் இல்லை. பிறகு நகர்த்திக்கொண்டே போனோம். இருட்டுதான்.

"மரம் மறைக்கும்ல?" என்று பேச்சி கேட்டாள். எங்களில் யாரைவிடவும் அவள்தான் நிதானமாக இருந்தாள்.

"மறைக்கும்மா. அதைத்தான் பாக்கணும்" என்றேன். வேறு வண்டிகள் அதே வளைவில் இறங்கிய படங்களை எடுத்தோம். ஒரு லாரி, ஒரு கார், ஒரு வேன். மூன்றும் அங்கே மறைந்தன. மூன்றும் சில படங்கள் கழித்துக் கீழ்ச்சாலையில் தெரிந்தன. மஞ்சள் மட்டும் தெரியவில்லை. மஞ்சள் கடைசியாகத் தெரிந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலைக் கோட்டுக்குக் கீழே, சாலை இல்லாத இடத்தில், இமை முடி அளவுக்கு ஒரு மஞ்சள் கீறல் செங்குத்தாக இருந்தது.

"அது சென்சார்ல தூசியா இருக்கும்ணே" என்றான் சகாயம் தயங்கி. சாதாரணமாக அதைத் தூசி என்று சொல்லி நாங்கள் அழித்துவிடுவோம். முன்படத்திலும் பின்படத்திலும் அதே இடத்தைப் பார்த்தேன். தூசி என்றால் எல்லாப் படத்திலும் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இதுவரை நான் சொன்னது, போகாதீர்கள் என்று. அது சுலபம். இப்போது எங்கே போவது என்று சொல்ல வேண்டும்.

"எந்த வளைவு ராசு?"

அவன் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தான். "தண்ணி பைப்பு போற வளைவா இருக்கும். இல்ல, அதுக்கு மேல உள்ளதா இருக்கும். இருட்டுல ரெண்டும் ஒண்ணு மாதிரித்தாண்ணே தெரியுது. ரெண்டுக்கும் கீழ பெரும் பள்ளம், முழுக்கப் புதரு."

"ரெண்டுல ஒண்ணுன்னா போதும்யா, வெரசாக் கெளம்பு" என்றார் கணக்கப்பிள்ளை. இப்போது அவர்தான் அவசரப்பட்டார்.

போதாது. பகலிலேயே அந்தப் பள்ளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் மாடு தெரியாது. இருட்டில் தவறான பக்கம் இறங்கினால், மேலே ஏறி மறுபக்கம் போவதற்குள் விடிந்துவிடும். குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லி எல்லோரையும் அனுப்பிவிடலாம். அனுப்பியவனுக்கு மனம் ஆறும். உள்ளே கிடப்பவனுக்கு அதனால் என்ன? நான் சொன்னேன்: "நீங்க மூணு பேரும் மேல போங்க. அந்த ரெண்டு வளைவுக்கும் மேல நில்லுங்க. பள்ளத்துல எறங்காதீங்க. நாங்க மறுபடி பாறைக்குப் போறோம். அங்க இருந்து பாத்து எடத்தச் சொல்றேன்."

"பாறைக்குப் போகவே அரை மணி ஆகும்ணே!" என்றான் ராசு. "அங்க மனுசன் கெடக்குறாரு, நீங்க திரும்பப் போட்டோ எடுக்கப் போறேங்கிறீங்க!"

பேச்சிதான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். "அண்ணன் சொல்றதச் செய்யி ராசு. நீ ரெண்டு தடவ போயித் தேடுனேல்ல? கண்ணுல பட்டுச்சா? எடு வண்டிய."

நானும் சகாயமும் பாறைக்கு ஏறினோம். ஓடினோம் என்று சொல்ல ஆசைதான், அந்தக் கல்லுப் பாதையில் ஓட முடியாது. முக்காலி வைக்கும்போது மூன்று காலுக்கும் அடியில் சுண்ணாம்பால் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மேகம் கெடுத்தால் மறுநாள் அதே இடத்தில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதற்காக. லென்ஸ் வளையத்தில் ஒட்டிய டேப்பும் அப்படியே இருந்தது. பொட்டின்மேல் காலை வைத்து, அதே மலையைப் பார்த்து, லேப்டாப்பில் மஞ்சள் கீறல் இருந்த படத்தைத் திறந்து வைத்தோம். நல்லவேளையாக மேகம் முகட்டோடு நின்றிருந்தது. சாலை தெரிந்தது.

ராசுவுக்குப் போன் போட்டேன். "லைட்ட எரிய விட்டு மெதுவா எறங்கு. நான் சொல்ற எடத்துல நிக்கணும்."

மலையில் ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. ஒரு படம் எடுத்தோம். பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். மஞ்சள் கீறலுக்கு வெகு தூரம் மேலே நின்றது. "இன்னும் எறங்கு." அடுத்த படம். "இன்னும்." முதல் வளைவைத் தாண்டினான். அவனுக்கே ஆச்சரியம், அவன் மனதில் அந்த வளைவைத்தான் நினைத்திருந்தான் போலிருக்கிறது. பைப்பு வளைவுக்கு வந்தான். எல்லோரும் அங்கேதான் என்று நினைக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டது. "நில்லு" என்றேன். படம் எடுத்துப் பார்த்தால் கீறல் இன்னும் வலதுபக்கம்.

"வளைவு இல்ல ராசு. வளைவத் தாண்டி நேரா வர்ற ரோட்டுல. கொஞ்சம் வா. வா. நில்லு. பின்னால வா, ஒரு வண்டி நீளம்."

"இங்க எப்படிண்ணே? நேர் ரோட்டுல எவன் விழுவான்?"

"எனக்குத் தெரியாது. படத்துல அங்கதான் இருக்கு."

கைப்பிடிச் சுவர் இல்லாமல் கல் மட்டும் நட்டிருந்த இடம் அது என்று பிறகு தெரிந்தது. எதிரே ஏதோ குறுக்கே வர, பாண்டி வண்டியை ஒதுக்கியிருக்கிறார். இரண்டு கல்லுக்கு நடுவில் ஜீப் சுவடு இல்லாமல் போயிருக்கிறது. வளைவுகளையே பார்த்துக்கொண்டு போன ராசு இரண்டு தடவையும் அந்த இடத்தை வேகமாகக் கடந்திருக்கிறான். அவன் மேல் குற்றம் இல்லை. மலைச்சாலையில் யாருமே அப்படித்தான் தேடுவார்கள்.

டார்ச் வெளிச்சம் ஒன்று சாலையை விட்டுக் கீழே இறங்குவது எங்களுக்குத் தெரிந்தது. அதையும் படம் எடுத்துப் பார்த்தோம். "இடதுபக்கம் சாயுது, வலதுபக்கம் வரச் சொல்லு" என்றேன். ராசுவின் போனைப் பிடித்துக்கொண்டு மேலே நின்ற பேச்சி அதைக் கத்திச் சொல்வது எனக்குக் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல டார்ச் நகர்ந்தது. பிறகு புதருக்குள் போய் அணைந்தது போல மறைந்துவிட்டது. போனும் கட்டாகிவிட்டது.

பாறையில் உட்கார்ந்தோம். சகாயம் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது தூசியாகவே இருந்து, மூன்று பேரை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டிருந்தால்? தொழிலில் தீர்மானம் எடுப்பது பற்றி எல்லோரும் பேசுவார்கள். எடுத்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். அதையும் பழகிக்கொள்ளுங்கள். அப்போது போன் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், இடத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். சொன்னது சொன்னதாக இருக்கட்டும்.

பாண்டி பிழைத்தார். ஜீப் ஒரு மரத்தில் இடித்து நின்றிருந்தது. வலது கால் அடியில் மாட்டியிருந்தது. தேனி ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் முட்டி மடங்குவதில்லை. பிரேக்கை மிதிக்க முடியாது என்பதால் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறார். மூடைகள் எல்லாம் பள்ளத்திலேயே கிடந்தன. காலையில் ஆள் விட்டுத் தூக்கினார்கள். அதெல்லாம் பிறகு நடந்தது. பாறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு முதலில் வந்தது ஒரு போன். பேச்சியின் எண் இல்லை, ராசுவின் எண்ணும் இல்லை.

"தம்பி, நான்தான் கணக்கப்பிள்ளை பேசுறேன்." மூச்சு வாங்கியது. "ஆளு இருக்காரு. உசுரு இருக்கு. ராசு மேல ஆம்புலன்சுக்கு நிக்கப் போயிருக்கான். பொம்பளப்பிள்ள துணியக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு இருக்கு. நான்தான் தலைய மடியில வச்சிருக்கேன். நீங்க அங்கயே இருங்க, போயிராதீங்க. ரோட்டுல இருந்து பாத்தா இந்த எடம் எவனுக்கும் தெரியாது. நீங்கதான் ஆம்புலன்சுக்கும் சொல்லணும்."

"இருக்கோம்ணே. அவரு பேசுறாரா?"

"பேசுறாரு. லோடு என்னாச்சு, முதலாளி என்ன சொல்லுவாருன்னே கேட்டுக்கிட்டு இருக்காரு." அதைச் சொல்லிவிட்டு அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, "ஆம்புலன்சுக்காரக போன்ல தூங்க விடக் கூடாதுங்கிறாக. யாராச்சும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். எனக்கு என்ன பேசுறதுன்னு வரல தம்பி, நீங்க பேசுங்க" என்று போனைப் பாண்டியின் காதில் வைத்தார்.

"பாண்டி அண்ணே" என்றேன். "நான் போட்டோக்காரன் பேசுறேன்."

மறுபக்கம் முனகல் கேட்டது. பிறகு மெதுவாக, ஆனால் தெளிவாக ஒரு குரல்.

"போட்டோவா? யோவ், இப்ப எதுக்குய்யா போட்டோ? மொகமெல்லாம் ரத்தமா இருக்கு. நாளைக்கு எடுத்துக்கலாம்."